இடம் கிடைக்காத பிள்ளையும் நாமும்

(பங்கு விழாவை முன்னிட்டு, பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு எழுதிய மாணவ மாணவியருக்கும் அவர்தம் பெற்றோருக்கும் நமது பங்கு மண்டபத்தில் கல்வி உதவிக் குழுவின் சார்பில் ஆற்றப்பட்ட உரை)



விழா என்றால் வெற்றி பெற்றவர்களை மேடைக்கு அழைத்துப் பரிசு கொடுப்பது நம் வழக்கம். சென்ற ஞாயிறு பூசைக்குப் பிறகு, போன வருடம் நல்ல கல்லூரிகளில் சேர்ந்த நம் பிள்ளைகளுக்கு அப்படியே செய்தோம். மனம் நிறையக் கை தட்டினோம். அப்போது மண்டபத்தின் கடைசியில், செருப்புகள் கிடக்கும் வாசலருகே நின்று, தானும் கை தட்டிய ஒரு பிள்ளையை எங்களில் ஒருவர் கவனித்தார். மேடையில் நின்றவனோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவன். மார்க்கிலும் பெரிய வித்தியாசம் இல்லை. அவனுக்கு அந்தக் கல்லூரியில் இடம் கிடைக்கவில்லை. அவ்வளவுதான். அவனைப் பற்றிப் பேச இந்த மலரில் ஒரு பக்கமாவது வேண்டும் என்று கேட்டோம். பங்குத்தந்தை அவர்கள், பக்கம் மட்டுமல்ல, ஒரு மாலைப் பொழுதையே எடுத்துக்கொள்ளுங்கள் என்றார்கள். இப்படித்தான் இங்கே நிற்கிறோம்.

நாங்கள் கல்வி அதிகாரிகள் அல்ல. ஓய்வுபெற்ற ஆசிரியர் இருவர், அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலை பார்க்கும் ஒருவர், ஒரு வங்கி ஊழியர், இல்லத்தரசி ஒருவர். மே, ஜூன் மாதங்களில் ஞாயிறு இரண்டாம் பூசைக்குப் பின் இந்த மண்டபத்தில் மேசை போட்டு உட்கார்ந்து, விண்ணப்பம் நிரப்ப உதவுகிறோம். ஆகையால் நாங்கள் சொல்வதெல்லாம் அந்த மேசைக்கு இந்தப் பக்கமிருந்து பார்த்ததுதான்.

முதலில் எங்கள் தவறு ஒன்றைச் சொல்லிவிடுகிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பையன் வந்தான். தகப்பனார் எஸ்டேட்டில் லேத் ஓட்டுபவர். பையன் கோவில் பாடகர் குழுவில் இருந்தவன். கணிதத்தில் 95, இயற்பியலில் 90, வேதியியலில் 92. பொறியியல் சேர்க்கைக்குக் கணிதத்தை அப்படியே 100-க்கும், மற்ற இரண்டையும் ஐம்பது ஐம்பதாகக் குறைத்தும், மொத்தம் 200-க்குக் கணக்கிடுவது உங்களுக்குத் தெரியும். அவனுக்கு 186 வந்தது. அவன் விரும்பிய கல்லூரியில், விரும்பிய பாடத்தில், முந்தைய ஆண்டு கடைசியாக இடம் பெற்றவரின் கட்-ஆஃப் அதைவிடக் குறைவு. நாங்கள் தாளைப் பார்த்தோம், தலையை ஆட்டினோம், "தைரியமாகப் போ தம்பி, கட்டாயம் கிடைக்கும்" என்றோம். அவன் தாயார் அன்று மாலையே பாயசம் வைத்து அக்கம்பக்கத்துக்குக் கொடுத்தார்.

அந்த ஆண்டு கட்-ஆஃப் ஏறி, 186-லேயே வந்து நின்றது. கடைசி இடம் 186 வாங்கிய இன்னொரு பிள்ளைக்குப் போயிற்று. அந்தப் பிள்ளைக்குக் கணிதத்தில் 96, மற்ற இரண்டிலும் தொண்ணூறு தொண்ணூறு. கூட்டிப் பாருங்கள், அதுவும் 186-தான். ஒரே கட்-ஆஃப் உள்ளவர்களில் கணிதத்தில் கூடுதல் பெற்றவர் முன்னால் வைக்கப்படுவார் என்பது விதி. "நீங்கள் சொன்னீர்களே ஐயா" என்று அந்தத் தாய் கேட்டபோது எங்களிடம் பதில் இல்லை.

அன்றிலிருந்து "கட்டாயம் கிடைக்கும்" என்ற சொல்லை எங்கள் மேசையில் யாரும் சொல்வதில்லை. நீங்களும் வீட்டில் சொல்லவேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறோம். அன்பினால்தான் சொல்கிறோம். ஆனால் இடம் கிடைக்காதபோது அந்தச் சொல் பிள்ளையின் கழுத்தில் கல்லாகத் தொங்குகிறது. கட்டாயம் கிடைக்கவேண்டியது கிடைக்கவில்லை என்றால் தன்னிடம்தான் ஏதோ குறை என்று அவன் எண்ணிக்கொள்கிறான்.

குறை அவனிடம் இல்லை என்பதை விளக்கமாகச் சொல்லவேண்டும். சும்மா ஆறுதலுக்குச் சொன்னால் பிள்ளைகள் நம்பமாட்டார்கள். அவர்கள் நம்மைவிடக் கணக்குத் தெரிந்தவர்கள்.

கட்-ஆஃப் அரை அரை மார்க்காகத்தான் நகர்கிறது. தேர்வு எழுதுவோரோ லட்சக்கணக்கில். ஆகவே ஒரே கட்-ஆஃபில் பெரும் கூட்டம் நிற்கும். யாரை முன்னே விடுவது? முதலில் கணித மார்க் பார்க்கிறார்கள், பிறகு இயற்பியல், பிறகு மற்றப் பாடங்கள். அவையும் சமமானால் பிறந்த தேதி. வயதில் மூத்தவர் முன்னால். அதுவும் ஒன்றானால்? அதற்கென்றே விண்ணப்பித்த ஒவ்வொருவருக்கும் கணினி ஓர் எண்ணைக் கொடுத்து வைத்திருக்கிறது. ரேண்டம் எண் என்கிறார்கள். நம் வழக்கில் சொன்னால் திருவுளச்சீட்டு. அந்த எண் யாருக்குப் பெரிதோ அவர் முன்னால். வேறு வழியில்லாமல் அரசாங்கமே ஏற்றுக்கொண்ட ஏற்பாடு இது. ஓர் எல்லைக்கு மேல் மனிதரால் மனிதரைப் பிரித்து அறிய முடியாது என்று அதிகாரபூர்வமாக எழுதிக் கையெழுத்திட்டதாகவே இதை நாங்கள் எடுத்துக்கொள்கிறோம்.

இது நம் நாட்டில் மட்டும் நடப்பதும் அல்ல. ஹாலந்து தேசத்தில் 1972 முதல் பல ஆண்டுகள் மருத்துவப் படிப்புக்கு ஆளெடுத்தது சீட்டுக் குலுக்கிப் போட்டுத்தான். நல்ல மார்க் எடுத்தவருக்கு வாய்ப்பு கூடுதல், ஆனாலும் குலுக்கல் குலுக்கல்தான். 2017-ல் அதை நிறுத்தினார்கள். சில ஆண்டுகளிலேயே, மறுபடியும் குலுக்கலாம் என்று சட்டத்தில் இடம் கொடுத்தார்கள்.

சென்ற சில ஆண்டுகளை நினைத்துப் பாருங்கள். 2021-ல் கொரோனாவினால் பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வே நடக்கவில்லை. பத்தாம் வகுப்பு மார்க்கில் 50 விழுக்காடு, பதினொன்றில் 20, பன்னிரண்டில் செய்முறையும் பள்ளி மதிப்பீடும் சேர்த்து 30 என்று கூட்டிக் கொடுத்தார்கள். பன்னிரண்டாம் வகுப்பில்தான் விழித்துக்கொண்டு இராப்பகலாகப் படித்த பிள்ளைக்கு அந்த ஆண்டு என்ன நீதி? வேறு என்னதான் செய்திருக்க முடியும் என்றும் தெரியவில்லை. 2024-ல் நீட் தேர்வில் இயற்பியல் கேள்வி ஒன்றுக்கு இரண்டு விடைகளும் சரி என்று முதலில் மார்க் போட்டார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் போய், டெல்லி ஐ.ஐ.டி. வல்லுநர்கள் ஒரு விடைதான் சரி என்றார்கள். நான்கு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் மார்க் ஒரே நாளில் இறங்கிற்று. 720-க்கு 720 என்று முதலில் அறிவிக்கப்பட்டவர் 67 பேர். கடைசிப் பட்டியலில் நின்றவர் 17 பேர். அணுவைப் பற்றிய ஒரே ஒரு கேள்வி! அந்த ஆண்டு தேர்வு எழுதியவர் சுமார் 23 லட்சம். நாடு முழுவதும் எம்.பி.பி.எஸ். இடங்களோ ஒரு லட்சத்துக்குச் சற்று மேல். ஏறத்தாழ இருபது பேருக்கு ஓர் இடம். மீதிப் பத்தொன்பது பேரும் மக்குகளா?

பெரியவர்கள் "எங்கள் காலத்தில் மார்க் வாங்கினால் சீட்" என்பார்கள். அதுவும் முழு உண்மையல்ல. 1960-களில் மருத்துவக் கல்லூரி இடங்களை மாவட்டவாரியாகப் பிரித்து வைத்திருந்தார்கள். 1968-ல் உச்ச நீதிமன்றம் அது செல்லாது என்றது. நேர்முகத் தேர்வுக்கு மட்டும் 75 மார்க் ஒதுக்கி, வெவ்வேறு குழுக்கள் வெவ்வேறு ஊர்களில் மார்க் போட்ட காலமும் உண்டு. அதுவும் நீதிமன்றம் ஏறியது. 1978-ல் ப்ளஸ் டூ வந்தது. 1984-ல் நுழைவுத் தேர்வு வந்தது. 2006-ல் சட்டம் போட்டு அதை எடுத்தார்கள். 1997-ல் ஒற்றைச் சாளரக் கலந்தாய்வு வந்தது. அண்ணா பல்கலைக்கழக மரத்தடிகளில் கையில் ஃபைலும் டிபன் பாக்ஸுமாக நாம் காத்துக் கிடந்தது பலருக்கு நினைவிருக்கும். 2018-ல் அது கணினிக்குள் போய்விட்டது. மருத்துவத்துக்கு 2016-ல் ஓர் ஆண்டு நீட்டிலிருந்து விலக்கு, 2017-ல் விலக்கு இல்லை. 2020-ல் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மருத்துவத்தில் 7.5 விழுக்காடு, 2021-ல் பொறியியலிலும் அதே ஏற்பாடு. பல தலைமுறை ஏழைப் பிள்ளைகளுக்குப் பின் வந்த நல்ல காரியம் இது. ஆனால் 2019-ல் அதே அரசுப் பள்ளியில் அதே மார்க் வாங்கி வெளியே நின்ற பிள்ளையை யார் நினைக்கிறார்கள்? பிள்ளை அதே பிள்ளை, பிறந்த வருடம்தான் வேறு.

2017 என்று சொன்னபோது உங்களில் பலருடைய முகம் மாறியதைப் பார்த்தோம். அரியலூர் மாவட்டம் குழுமூர் அனிதா. சுமை தூக்கும் தொழிலாளியின் மகள். ப்ளஸ் டூவில் 1200-க்கு 1176. பழைய விதிப்படி மருத்துவம் கையில் இருந்தது, புதிய விதிப்படி இல்லை. உச்ச நீதிமன்றம் வரை போய் முறையிட்டாள். அந்த செப்டம்பர் முதல் தேதி அவளை இழந்தோம். நீட் வேண்டுமா வேண்டாமா என்ற வாதத்துக்கு இந்த மேடையில் நாங்கள் போகவில்லை. ஆனால் ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 1176 மார்க் வாங்கிய பிள்ளைக்கே இந்த உலகம் ஒரே ஒரு கதவுதான் என்று தோன்றிவிட்டது. அப்படித் தோன்ற வைத்ததில் நம் எல்லோருக்கும் பங்கு உண்டு. டாக்டர் அல்லது என்ஜினீயர், இரண்டும் இல்லையென்றால் "என்னப்பா, அப்படியா" என்று இழுக்கிறோமே, அந்த இழுப்பும் அதில் ஒரு பங்கு.

நம் கோவில் சம்பந்தப்பட்ட விஷயம் ஒன்றுக்கு வருகிறோம். ஒவ்வோர் ஆண்டும் மே மாதம் பங்குத்தந்தையின் அறை வாசலில் ஒரு வரிசை நிற்கும். நகரத்தில் உள்ள நம் கத்தோலிக்கக் கல்லூரிகளுக்குக் கடிதம் வேண்டும் என்று. ஞானஸ்நானச் சான்றிதழும் பங்குக் கடிதமும் அவசியமானவைதான். சிறுபான்மையினர் தம் கல்வி நிறுவனங்களைத் தாமே நடத்திக்கொள்ள அரசியல் சட்டத்தின் 30-ஆவது பிரிவு உரிமை தருகிறது. தம் சமூகப் பிள்ளைகளுக்கு ஒரு பங்கு இடம் ஒதுக்குவதும் அந்த உரிமையைச் சார்ந்ததுதான். ஆனால் அது எல்லையில்லாத உரிமை அல்ல என்று 1991-ல் செயின்ட் ஸ்டீபன்ஸ் கல்லூரி வழக்கிலும், 2002-ல் டி.எம்.ஏ. பாய் வழக்கிலும் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிவிட்டது. லயோலா 1925-ல் தொடங்கியது, ஸ்டெல்லா மாரிஸ் 1947-ல். அன்று நம் வானகரம் வயலும் ஏரியுமாகக் கிடந்த கிராமம். இன்று பூந்தமல்லி நெடுஞ்சாலையின் இருபுறமும் எத்தனை குடும்பங்கள்! பெரம்பூரிலும், பல்லாவரத்திலும், ஆவடியிலும் அதே கடிதத்தை வைத்துக்கொண்டு அதே கதவைத் தட்டும் பிள்ளைகள் எத்தனை பேர்! இவன் நம் பங்கைச் சேர்ந்தவன் என்று கடிதம் சொல்லும். இல்லாத நாற்காலியை அது செய்து கொடுக்காது. போன வருடம் இடம் கிடைக்காத ஒரு தகப்பனார், "சாமி அழுத்திச் சொல்லவில்லை" என்று கோபித்துக்கொண்டு இரண்டு மாதம் வேறு கோவிலுக்குப் போனார். திரும்பி வந்துவிட்டார், அது வேறு விஷயம். சாமியும் பாவம்தானே.

கடிதத்தில் ஆகாததைப் பணத்தில் முடிக்கலாம் என்று சொல்லிக்கொண்டு வீட்டுக்கே வரும் ஆசாமிகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. நன்கொடை வாங்குவது 1992-லேயே தமிழ்நாட்டில் சட்டப்படி குற்றமாக்கப்பட்டது. நம் பங்கிலேயே நகையை அடகு வைத்து இடைத்தரகரிடம் கொடுத்துவிட்டு, இடமும் இல்லாமல், பணமும் திரும்பாமல் நிற்கிற குடும்பம் உண்டு. ரசீது தராத இடத்தில் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள்.

பிள்ளைக்கு இடமில்லை என்று தெரிந்ததும் உறவினர் கூட்டம் வரும், ஆறுதல் சொல்ல. அப்துல் கலாம் கதையைச் சொல்வார்கள். உண்மைக் கதைதான். திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் இயற்பியல் முடித்து, பிறகு குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் படித்து, விமானப்படையில் சேர டேராடூன் போனார். எட்டுப் பேரைத் தேர்ந்தெடுத்தார்கள், அவர் ஒன்பதாவது. ராமானுஜன் கதையும் உண்மைதான். கும்பகோணத்தில் உதவித்தொகையை இழந்து, சென்னையில் எஃப்.ஏ. தேர்விலும் தேறாதவர். ஆனால் அன்று மாலை, அந்த முதல் மாலையில், இந்தக் கதைகளைச் சொல்லாதீர்கள் என்று கெஞ்சிக் கேட்கிறோம். அழுதுகொண்டிருக்கும் பிள்ளையின் காதில் அது எப்படி விழுகிறது தெரியுமா? "நீ ஜனாதிபதி ஆனால்தான் இந்தத் தோல்வி மன்னிக்கப்படும்" என்று விழுகிறது. அவன் ஜனாதிபதி ஆகவேண்டியதில்லை. வேலைக்குப் போய், ஞாயிற்றுக்கிழமை கோவிலுக்கு வந்து, பெற்றோரைப் பார்த்துக்கொள்ளும் மனிதனாக இருந்தாலும் அவன் குறைந்தவன் அல்ல.

கதை சொல்லித்தான் ஆகவேண்டுமென்றால், நமக்கு ஒருவர் இருக்கிறார். யூதாசின் இடத்துக்கு ஒருவரைத் தேர்ந்தெடுக்க அப்போஸ்தலர்கள் கூடியபோது, தகுதி உள்ளவர்கள் என்று இருவரை நிறுத்தினார்கள். யோவானின் ஞானஸ்நானக் காலம் முதல் ஆண்டவரோடு இருந்தவர்கள் இருவரும். சீட்டுப் போட்டார்கள், மத்தியாவுக்கு விழுந்தது. மற்றவர் பெயர் யாருக்காவது நினைவிருக்கிறதா? யோசேப்பு பர்சபா, யுஸ்து என்றும் சொல்வார்கள். அவரிடம் இன்ன குறை என்று ஒரு வார்த்தையும் எழுதப்படவில்லை. மறுநாள் காலை அவர் எப்படி எழுந்தார், யார் அவரோடு பேசினார்கள் என்றும் எழுதப்படவில்லை. எங்களுக்கு அதுதான் அறிய ஆசை.

186 மார்க் பையனை அப்படியே விட்டுவிட்டோம். அவன் மூன்று மாதம் பாடகர் குழுவுக்கு வரவில்லை. நாங்கள் வெட்கத்தை விட்டு அவன் வீட்டுக்குப் போனோம். அடுத்த சுற்றில் வேறொரு கல்லூரியில், வேறொரு பாடத்தில் சேர்ந்திருந்தான். வெகு நாள் கழித்துத்தான் எங்களிடம் மனம் திறந்தான். "சீட் போனது ரெண்டு நாள்ல ஆறிடுச்சு சார். அப்பா பதினோரு நாள் என்கூடப் பேசலை. அதுதான்" என்றான். நாங்கள் தகப்பனாரிடம் தனியாகக் கேட்டோம். அவர் திகைத்துப் போனார். "கோபமா? எனக்கா? வாயைத் திறந்தால் அழுதுவிடுவேன் என்று பயந்து பேசாமல் இருந்தேன் ஐயா. பிள்ளை முன்னால் அழக்கூடாதே" என்றார். பதினோரு நாள் ஒரே கூரையின் கீழே, ஒருவர் அழுகையை மறைக்க, மற்றவர் அதைக் கோபம் என்று எண்ணி! இதைச் சொல்ல அவரே அனுமதி கொடுத்தார், பெயர் மட்டும் வேண்டாம் என்றார். அவர் இன்று இந்த மண்டபத்தில்தான் இருக்கிறார்.

ஆகவே தகப்பன்மார்களே, அழுகை வந்தால் அழுங்கள். பேசத் தெரியவில்லையென்றால் பக்கத்தில் உட்கார்ந்து சோறாவது போடச் சொல்லுங்கள். அன்று மார்க் ஷீட்டை எடுக்கவேண்டாம். பக்கத்து வீட்டுப் பிள்ளையின் பெயரையும் எடுக்கவேண்டாம். பிள்ளை அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டால், ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஏதாவது சாக்குச் சொல்லிக் கூப்பிடுங்கள். சாப்பிடாமல், தூங்காமல், "நான் இருந்து என்ன" என்பதுபோல ஏதேனும் சொன்னால், பேச்சுக்குச் சொல்கிறான் என்று தள்ளிவிடாதீர்கள். தனியே விடாமல், 104 என்ற எண்ணுக்கோ 14416 என்ற எண்ணுக்கோ போன் செய்யுங்கள். இரவானாலும் எங்களில் யார் வீட்டுக் கதவையும் தட்டலாம்.

இனி வேலைக்கு வருவோம். கணினியில் கல்லூரி விருப்பப் பட்டியல் போடும்போது ஐந்தாறு பெயரோடு நிறுத்தும் பிள்ளைகள்தான் அதிகம் ஏமாறுகிறார்கள். எத்தனை வேண்டுமானாலும் எழுதலாம். உண்மையாகவே விரும்பும் வரிசையில், கிடைத்தால் சேருவேன் என்கிற எல்லாவற்றையும் எழுதுங்கள். கிடைத்த இடத்தை வைத்துக்கொண்டே மேலே காலியானால் நகரவும் வழி உண்டு, அந்தக் கட்டத்தில் டிக் அடிக்க மறக்காதீர்கள். பாலிடெக்னிக் முடித்தால் பொறியியலில் நேரே இரண்டாம் ஆண்டில் சேரலாம். ஆவடியிலும் அம்பத்தூரிலும் அப்படிப் போய் இன்று நல்ல நிலையில் இருக்கும் நம் பங்கு மக்கள் சிலர் உங்களோடு பேச ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். நீட் இன்னொரு முறை எழுதுவதென்றால், எத்தனை முறை, எவ்வளவு செலவு என்று ஆரம்பத்திலேயே பிள்ளையும் பெற்றோரும் சேர்ந்து பேசி முடிவெடுங்கள். வருடம் வருடமாக நீளும் காத்திருப்பு பிள்ளையைத் தின்றுவிடும்.

முடிவு வெளியாகும் நாளில் காலை ஒன்பது மணிக்கே இந்த மண்டபம் திறந்திருக்கும். போன வருடம் இடம் கிடைக்காத பிள்ளைகள் இருவர், செருப்புகள் கிடக்கும் வாசலருகே நின்றானே அவன் உட்பட, எங்களோடு மேசையில் உட்காரச் சம்மதித்திருக்கிறார்கள். வருபவர்கள் மார்க் பட்டியல், சாதிச் சான்றிதழ், மாற்றுச் சான்றிதழ் எல்லாவற்றிலும் ஐந்து ஐந்து ஜெராக்ஸ் எடுத்து வாருங்கள். கடைசி நேரத்தில் நெடுஞ்சாலைக் கடையில் கூட்டம் தாங்காது. பங்குக் கடிதம் வேண்டுவோர் இந்த வாரமே எழுதிக் கொடுத்துவிடுங்கள். தேநீருக்கு வின்சென்ட் தே பவுல் சபையார் பொறுப்பு ஏற்றிருக்கிறார்கள்.